ஜப்பானில் வார்டு நிஹோங்கோ வகுப்பில் சேர்வது எப்படி?

ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்கள், அதிலும் கணவனோ மனைவியோ வேலைக்கு வர, கூடவே வந்தவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "மொழி கத்துக்க எங்கே போகணும்? எவ்வளவு ஆகும்?" கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை மாணவர் விசாவுக்கான மொழிப் பள்ளிகள். ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென் கேட்பார்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும் பலர் அந்த ஆசையையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், நூலகத்து மாடியிலோ சமுதாயக் கூடத்திலோ, சில நூறு யென்னுக்கு வாரம் ஒருமுறை 'நிஹோங்கோ', அதாவது ஜப்பானிய மொழி, வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அறிவிப்பு முழுக்க ஜப்பானிய மொழியில் இருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

நான் டோக்கியோவின் எதொகாவா வார்டில், நிஷி-கசாய் பக்கம் இருக்கிறேன். இங்கே இந்தியர்கள் அதிகம். துவரம் பருப்பிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும், கடைக்காரரும் இந்தியில் பேசுவார். ஜப்பானிய மொழியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடலாம். பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வரும் நாளில்தான் உறைக்கும். அந்த நாள் வருமுன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வகை வகுப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வார்டிலோ நகரத்திலோ நடப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தன்னார்வலர்கள் நடத்துவது. ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் வாரம் ஒருநாள் வந்து ஒருவருக்கு ஒருவர் என்றோ மூன்று நான்கு பேராகவோ உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். மற்றொன்று, வார்டோ அதன் 'கொகுசாய் கோர்யூ க்யோகாய்' என்னும் பன்னாட்டு நட்புறவுச் சங்கமோ பருவம் பிரித்து நடத்துவது. இதில் வகுப்பறை, பாடத்திட்டம், நிலை எல்லாம் உண்டு. கொஞ்சம் கூடுதல் கட்டணமும் உண்டு.

எழுத்துகூடத் தெரியாது என்றால் இரண்டாவது வகையைத் தேடுங்கள். ஓரளவு தெரியும், வாய் திறக்கத்தான் வரவில்லை என்றால் முதல் வகைதான் சரி. அங்கே முறையான இலக்கணப் பாடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பேச ஓர் ஆள் கிடைப்பதுதான் அங்கே லாபம்.

இந்த வகுப்புகளை வைத்து விசா வாங்கவோ நீட்டிக்கவோ முடியாது. இங்கே தரும் வருகைச் சான்றிதழை ஒரு நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாணவர் விசா வேண்டுமென்றால் அதற்கு அங்கீகாரம் பெற்ற மொழிப் பள்ளிகளுக்கே போக வேண்டும்.

அப்புறம், ஊரில் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாமல் போனவர்களுக்கு 'யாகான் சூகாக்கோ' என்னும் மாலைநேர நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளி, கல்விக் கட்டணம் கிடையாது, வாரத்தில் ஐந்து நாள் நடக்கும். எதொகாவா வார்டிலேயே ஒன்று இருக்கிறது. நம்மவர்களில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

2. வகுப்பைத் தேடும் வழி

ஆங்கிலத்தில் தேடாதீர்கள். 'நிஹோங்கோ க்யோஷிட்சு' (ஜப்பானிய மொழி வகுப்பு) என்பதை ஜப்பானிய எழுத்தில் (日本語教室) தட்டி, பக்கத்தில் உங்கள் வார்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். டோக்கியோவில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. 'டோக்கியோ நிஹோங்கோ க்யோஷிட்சு சைட்' என்று ஓர் இணையதளம் இருக்கிறது. டோக்கியோ பெருநகர அரசு சார்ந்த அறக்கட்டளை நடத்துவது. வார்டு, கிழமை, நேரம் என்று பிரித்துத் தேடலாம். ஒசாகாவில் 'ஷிகிஜி' (எழுத்தறிவு) என்ற சொல்லையும் சேர்த்து 'ஷிகிஜி நிஹோங்கோ க்யோஷிட்சு' என்று தேடுங்கள். அங்கே வகுப்புகளுக்கு அந்தப் பெயர்தான் வழக்கம். யோகோஹாமா, கவாசாகி போன்ற பெரிய நகரங்களில் நகரத்தின் பன்னாட்டுச் சங்கமே முழுப் பட்டியலையும் வைத்திருக்கும்.

இணையத்தில் கிடைத்த பட்டியலை அப்படியே நம்பிவிட வேண்டாம். தன்னார்வக் குழுக்கள் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவார்கள். பக்கம் பழையபடியே கிடக்கும். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துப் போய்ப் பூட்டிய கதவின் முன் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. நம்பகமான பட்டியல் வார்டு அலுவலகத்தில் அச்சாகி இருக்கும். முகவரி பதியப் போகும்போதே 'நிஹோங்கோ க்யோஷிட்சு நோ ரிஸ்டோ' என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு உடனே புரியும், ஒரு தாளை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பட்டியலில் தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் இருந்தால் தயங்காதீர்கள், போன் செய்யவும் வேண்டாம். வகுப்பு நடக்கும் நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக நேரில் போய் நில்லுங்கள். போனில் திணறுவதை நேரில் கை ஜாடையிலேயே முடித்துவிடலாம்.

உங்கள் வார்டில் இடமில்லை என்றால் பக்கத்து வார்டைப் பாருங்கள். சில இடங்களில் 'இங்கே வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர்' என்று நிபந்தனை இருக்கும். அலுவலகம் அந்த வார்டில் இருந்தாலே போதும். இந்த வழியில் நுழைந்தவர்கள் பலர்.

3. காலம் பார்த்துப் போங்கள்

ஜப்பானில் எல்லாமே ஏப்ரலில் தொடங்கும். பருவ வகுப்புகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை, செப்டம்பர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் மார்ச் என்று ஓடும். விண்ணப்பம் அதற்கு முந்தைய மாதமே வாங்கிவிடுவார்கள். ஏப்ரல் வகுப்புக்கு மார்ச்சிலேயே அலைய வேண்டும். எழுத்திலிருந்து தொடங்கும் தொடக்கநிலை வகுப்புதான் முதலில் நிரம்பும். சில இடங்களில் குலுக்கல்கூட உண்டு.

மே மாதத்திலோ அக்டோபரிலோ வந்து இறங்கியவர்கள் அடுத்த பருவம் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தன்னார்வ வகுப்புகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுக்க ஆள் சேர்க்கும். முதலில் அங்கே சேர்ந்துகொண்டு, பருவ வகுப்புக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருப்பதில் தவறில்லை.

விடுமுறையையும் கணக்கில் வையுங்கள். மே முதல் வாரம், ஆகஸ்டில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் சமயம், ஆண்டுக் கடைசி ஆகியவற்றில் வகுப்பு இருக்காது. பல குழுக்கள் ஆகஸ்ட் முழுவதும் மூடிவிடும். ஜூலைக் கடைசியில் ஊரிலிருந்து வந்தவர் 'ஒருத்தரும் பதிலே சொல்லவில்லை' என்று புலம்புவதற்கு இதுதான் காரணம்.

நேரம், பகல் வகுப்பென்றால் பெரும்பாலும் காலை 10 முதல் 12. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை ஆறரை, ஏழுக்குமேல். கைக்குழந்தை இருந்தால் 'ஹோயிகு' உண்டா என்று கேளுங்கள். சில பகல் வகுப்புகளில் பக்கத்து அறையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனி எண்ணிக்கை வரம்பு இருக்கும். வகுப்புக்கு இடம் கிடைத்தாலும் அதற்குக் கிடைக்காமல் போகலாம்.

4. ஆவணங்கள், முக்கியமாக உங்கள் பெயர்

ரெசிடென்ஸ் கார்டு விமான நிலையத்தில் கைக்கு வந்தாலும் அதன் பின்பக்கத்தில் முகவரி பதிந்திருக்க வேண்டும். வீடு அமர்ந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் இதைச் செய்வது சட்டப்படி கட்டாயம். வார்டு நடத்தும் வகுப்பில் இந்த அட்டையைக் கேட்பார்கள். தன்னார்வ வகுப்புகள் பலவற்றில் எதுவும் கேட்பதில்லை. ஒரு தாளில் பெயர், முகவரி, தொலைபேசி, எத்தனை நாளாக ஜப்பானில் இருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். எப்படியிருந்தாலும் அட்டையை எடுத்துப் போங்கள். 16 வயது நிரம்பியவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

பெயர் விஷயத்தில்தான் தமிழர்களுக்குச் சிக்கல். விண்ணப்பத்தில் பெயருக்கு மேலே 'ஃபுரிகானா' என்று ஒரு கட்டம் இருக்கும். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் பெயரை அங்கே எழுத வேண்டும். ஜப்பானிய மொழியில் ல, ள, ழ எதுவும் இல்லை. எல்லாமே 'ர' வரிசைக்குள் போய்விடும். வகரமும் சில சமயம் பகரமாகிவிடும். முருகவேல் என்பவர் ஓர் இடத்தில் 'முருகவேரு', இன்னோர் இடத்தில் 'முருகபேரு' என்று பதிவாகிவிட்டால், வங்கிக் கணக்கு ஒரு பெயரில், காப்பீடு வேறு பெயரில் என்று அலைச்சல் தொடங்கும். வங்கிப் புத்தகத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதையே ஒரு தாளில் பெரிதாக எழுதி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பெயர் கேட்டாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம்மில் பலருக்கு அப்பா பெயர் இருக்கும். ஜப்பானில் ஆளைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். அதனால் ஆசிரியை உங்களை ஆண்டு முழுக்க 'சுப்பிரமணியன்-சான்' என்று உங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் அட்டையும் அதே பெயரில் அச்சாகி வந்துவிடும். முதல் நாளே உங்கள் பெயரைச் சொல்லி, '... தோ யோந்தே குதாசாய்' (என்று கூப்பிடுங்கள்) என்று சேர்த்தால் போதும், மாற்றிக்கொள்வார்கள்.

5. செலவு எவ்வளவு?

தன்னார்வ வகுப்புகள் இலவசமாகவோ, ஒரு முறைக்கு நூறு முதல் சில நூறு யென் வரையிலோ இருக்கும். நகல் எடுக்க, அறை வாடகைக்கு என்று அதை வைத்துக்கொள்கிறார்கள். பருவ வகுப்புகளுக்குச் சில ஆயிரங்கள் மொத்தமாகக் கட்ட வேண்டும், பெரும்பாலும் ரொக்கமாக. பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு எல்லோரும் தவிப்பார்கள். ஆயிர நோட்டுகளாக, முடிந்தால் ஓர் உறையில் போட்டுக் கொடுங்கள். இடையில் நின்றுவிட்டால் பணம் திரும்பி வராது என்று எண்ணிக்கொண்டே கட்டுங்கள்.

பாடப்புத்தகம் தனி. பல இடங்களில் 'மின்னா நோ நிஹோங்கோ' தொடக்கநிலை முதல் பாகம்தான். அதில் 25 பாடங்கள், விலை மூவாயிரம் யென்னை ஒட்டி வரும். ஆங்கில விளக்கங்கள் தனிப் புத்தகமாக விற்பார்கள், அதற்கும் இரண்டாயிரத்துக்கு மேல். வகுப்பில் எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று கேட்ட பிறகு வாங்குங்கள். ஜப்பான் அறக்கட்டளை வெளியிட்ட 'இரோதோரி' என்ற பாடநூல் இணையத்தில் முழுவதும் இலவசம், ஒலிப்பதிவோடு. கடையில், மருத்துவமனையில், குப்பை போடுமிடத்தில் பேசுவதற்கு அது போதுமானது. என் கணக்கில், இப்போது புதிதாகத் தொடங்குபவர் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ரயிலில் போய்வர ஆகும் செலவு ஓராண்டில் கட்டணத்தையே மிஞ்சிவிடும். நல்ல வகுப்பு தொலைவில் இருந்து, சுமாரான வகுப்பு சைக்கிள் தூரத்தில் இருந்தால் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மழையிலும் குளிரிலும் போய்ச் சேர்வதுதான் கடைசியில் கணக்கு.

6. கெங்காகு: ஒருநாள் போய்ப் பார்ப்பது

சேருமுன் ஒருநாள் வந்து பார்க்கப் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள். 'க்யோஷிட்சு ஓ கெங்காகு ஷிதாய் தெஸ்' என்று வாசலில் சொல்லுங்கள். உங்களை ஓர் ஓரத்தில் உட்கார வைத்து, ஒருவர் வந்து சின்னச் சின்னக் கேள்விகள் கேட்பார். எங்கிருந்து வந்தீர்கள், ஜப்பானிய உணவு பிடிக்குமா, வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று பேச்சு போகும். இது வெறும் குசலம் விசாரிப்பு என்று நினைத்து ஆங்கிலத்தில் தாவிவிடாதீர்கள். நிலைத் தேர்வே அதுதான். தெரிந்த அளவு ஜப்பானியத்தில் சொல்லுங்கள், தெரியாததற்கு 'வகாரிமாசென்' என்று சொல்லி நிறுத்துங்கள். மனப்பாடம் செய்த அறிமுக உரையைக் கடகடவென ஒப்பித்தீர்கள் என்றால் உங்களுக்கு எட்டாத குழுவில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆசிரியர் பேசுகிறாரா, மாணவர்கள் பேசுகிறார்களா? ஒன்றரை மணி நேரமும் ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் வேறு வகுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஆள் மாறுவாரா, ஒரே ஆள் வருவாரா என்றும் கேளுங்கள். மாறினால், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்ற குறிப்பை நீங்களே எழுதி வைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ரயில் நிலைய வாசலில் 'இலவச மொழி வகுப்பு' என்று சீட்டு கொடுப்பவர்கள் உண்டு. சில நேர்மையானவை. சில, இரண்டாவது வாரத்தில் மதப் பிரசங்கத்துக்கோ ஏதாவது பொருள் விற்பனைக்கோ திரும்பிவிடும். வார்டுப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வகுப்புக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்பது மிகக் குறைவு. அந்த நேரத்தை எழுத்து பழகச் செலவிட்டால் ஓராண்டு போனதே தெரியாது. அடிப்படை எழுத்தான ஹிராகானாவின் 46 எழுத்துகளையும் வீட்டிலேயே கற்றுக்கொண்டு போங்கள். அகரவரிசை நமக்குப் பழகிய ஒழுங்குதான்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந என்று போகும். தினமும் அரை மணி நேரம் எழுதினால் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். கதகானா அடுத்து. காஞ்சி என்னும் சீன வழி எழுத்துகளை எண்ணி இப்போதே பயப்பட வேண்டாம்.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். ஆங்கில விளக்கத்தில் சொல் வரிசையே தலைகீழாக இருக்கும். தமிழில் நினைத்தால் 'நேற்று நண்பரோடு கடைக்குப் போனேன்' என்பதை அதே வரிசையில் அப்படியே சொல்லிவிடலாம். வேற்றுமை உருபு போலவே அங்கேயும் பெயருக்குப் பின்னால் ஓர் அசை ஒட்டிக்கொள்கிறது. 'சாப்பிட்டுப் பார்' என்பதற்கு 'தபெதெ மிரு'. 'எழுதி வை' என்பதற்கு 'காய்தே ஒகு'. பார், வை என்ற துணைவினைகள் வரை ஒத்துப்போகும். வகுப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் முட்டி மோதும் பாடத்தை நீங்கள் ஒரே மாலையில் கடந்துவிடுவீர்கள். வயதான ஆசிரியர் ஒருவர் நீங்கள் தமிழர் என்று கேட்டதும் பேராசிரியர் ஓனோ சுசுமு பெயரைச் சொல்லி உற்சாகமாகிவிடலாம். இரு மொழிகளுக்கும் உறவு என்று எழுதியவர் அவர். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, ஆனாலும் பேச்சைத் தொடங்க நல்ல வாய்ப்பு.

தமிழ் உதவாத இடமும் உண்டு. குறில் நெடில் நமக்குப் பிரச்சினை இல்லை. க/க³ (ka/ga), த/த³ (ta/da) வேறுபாடுதான் எழுத்தில் வழுக்கும். 'தாய்காகு' (daigaku) என்றால் பல்கலைக்கழகம். அதில் முதல் எழுத்து அழுத்தமான 'த³'வா, மெல்லிய 'த'வா, நடுவில் எது என்று காதால் பிரித்து எழுதப் பழகுங்கள். தமிழில் ஒரே எழுத்தில் குறித்து வைத்தால் பின்னால் சொல்லே மாறிவிடும். அதனால் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதுவதை முதல் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள்.

8. வகுப்பில் இடம் போகாமல் இருக்க

சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பதுதான் நம்மவர்கள்மேல் அதிகம் சொல்லப்படும் குறை. உங்களுக்காக ஒருவர் தன் சொந்தச் செலவில் ரயில் ஏறி வந்து, வெறும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். எதுவும் கேட்க மாட்டார். சில முறை இப்படி ஆனால் அடுத்த பருவத்தில் உங்கள் இடம் வேறொருவருக்குப் போயிருக்கும், அதையும் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். காலையிலேயே 'க்யோ, யாசுமிமாஸ்' (இன்று வரவில்லை) என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். காரணம் விளக்க வேண்டிய அவசியமில்லை.

ஐந்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள். பல கூடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் ஓட்டையில்லாத காலுறை முக்கியம். மேசை நாற்காலியைத் தொடக்கத்தில் போடுவதும் முடிவில் அடுக்கி வைப்பதும் எல்லோர் வேலை. 'நான் காசு கொடுத்து வந்தவன்' என்று தள்ளி நிற்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், நன்றாக இல்லை.

ஆசிரியருக்குப் பணமோ விலையுயர்ந்த பரிசோ கொடுக்காதீர்கள், சங்கடப்படுவார். ஊருக்குப் போய் வந்தால் எல்லோருக்கும் பகிர ஒரு சிறிய பெட்டி இனிப்பு போதும். நெய் அதிகம் சொட்டாத மைசூர்பாகு நன்றாக எடுபடுகிறது. தனித்தனியாகச் சுற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

9. பண்பாட்டு நிகழ்ச்சிகளைத் தவறவிடாதீர்கள்

ஜூலையில் தனபாதா என்னும் நட்சத்திரத் திருவிழாவுக்கு வண்ணத் தாளில் ஆசையை எழுதி மூங்கிலில் கட்டுவது, புத்தாண்டில் தூரிகையால் எழுதுவது, பிப்ரவரியில் வசந்தத்தை வரவேற்கும் செட்சுபுனுக்கு வறுத்த சோயா பீன்ஸ் எறிவது, யுகாதா என்னும் கோடைக்கால கிமோனோவைக் கட்டப் பழகுவது என்று ஆண்டு முழுக்க ஏதாவது நடக்கும். பொருட்செலவுக்கு ஐந்நூறு யென் போல வாங்குவார்கள். அலங்காரம் என்று நினைத்து இவற்றைத் தவிர்க்காதீர்கள். வகுப்பில் கேட்க முடியாத கேள்விகளை இங்கேதான் கேட்க முடியும்.

நிலநடுக்கப் பயிற்சிக்கு மட்டும் எப்படியாவது போய்விடுங்கள். வண்டியில் பொருத்திய அறையில் உட்கார வைத்து உண்மையாகவே குலுக்கிக் காட்டுவார்கள். ஆபத்து வந்தால் உங்கள் தெருக்காரர்கள் போய்த் தங்க வேண்டிய இடம் எது என்றும் அப்போது சொல்லித் தருவார்கள்.

சேர்ந்து சாப்பிடும் நிகழ்ச்சிகளில் சைவர்கள் உஷார். காய்கறி மட்டும் தெரியும் பாத்திரத்திலும் மீன் சாறு இருக்கும். நீங்கள் கொண்டுபோகும் உணவுக்கு முன்னால் என்னென்ன சேர்த்தது என்று ஒரு சீட்டு வையுங்கள், காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். எலுமிச்சை சாதத்தை இதுவரை யாரும் மிச்சம் வைத்ததில்லை.

10. ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன்) தேர்வு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் வார்டு வகுப்பு அதற்குத் தயார்செய்யாது. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும். ஜூலைத் தேர்வுக்கு மார்ச் மத்தியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையிலும், டிசம்பர்த் தேர்வுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலும் இணையத்தில் பதிவு நடக்கும். கட்டணம் 7,500 யென். ஐந்து நிலைகளில் என்5 தான் எளியது. பேச்சுத் தேர்வு இதில் இல்லவே இல்லை. வேலைக்குப் பயன்பட வேண்டுமென்றால் என்2 ஆவது வேண்டும். உயர்திறன் விசாப் புள்ளிக் கணக்கில் என்2-க்கு 10, என்1-க்கு 15 புள்ளிகள். குடும்ப விசாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கடை வேலைகளில் சான்றிதழைவிட நேர்காணலில் நீங்கள் பேசுவதைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. வீடு மாற்றும்போது பழைய வார்டில் வெளியேறும் பதிவு, புதிய வார்டில் 14 நாட்களுக்குள் நுழையும் பதிவு இரண்டையும் செய்வீர்கள். அதே நாளில் வகுப்புக்கும் புதிய முகவரியைச் சொல்லிவிடுங்கள். வார்டு மாறினாலும் பெரும்பாலான தன்னார்வக் குழுக்கள் உங்களைத் தொடர விடும். பருவ வகுப்பாக இருந்தால் அந்தப் பருவம் முடியும்வரை வரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.